கைச் சொரசொரப்பும் மருந்துக் கடை டியூபும்

மேல் கையின் வெளிப்பக்கம் நொய்யரிசி ஒட்டியது போலப் பொரிப்பொரியாக இருக்கிறதா? மருந்துக் கடையில் போய்க் கையைக் காட்டி மருந்து கேட்காதீர்கள். "அலர்ஜிங்க, இதைப் போடுங்க" என்று ஒரு டியூபை நீட்டுவார்கள். எனக்கும் அதைத்தான் நீட்டினார்கள். திருப்பிப் பார்த்தால் குளோபீட்டசால் என்ற வீரியமான ஸ்டீராய்டு, கூடவே ஒரு பூஞ்சை மருந்து, ஒரு ஆன்டிபயாட்டிக்! இப்படிப்பட்ட ஸ்டீராய்டு களிம்புகள் பலவற்றை டாக்டர் சீட்டில்லாமல் விற்க 2018-லேயே தடை வந்துவிட்டது; கவுண்டரில் யாரும் சீட்டு கேட்பதில்லை. தடவினால் சிவப்பு அடங்கும், பொரிக்குக் காரணமான அடைப்பு அப்படியே இருக்கும். மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலிந்து வரி விழும்.

டாக்டர் பார்த்ததுமே சொல்லிவிடுவார்: கெரட்டோசிஸ் பிலாரிஸ். டெஸ்ட் எதுவும் வேண்டாம். கிருமியும் இல்லை, ஒட்டிக்கொள்ளவும் செய்யாது. முடி முளைக்கும் துளையின் வாயில் கெரட்டின் என்ற தோல் புரதம் சேர்ந்து அடைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். பெரும்பாலும் பரம்பரை. வறண்ட தோல், மார்கழிப் பனி, நாள் முழுக்க ஏசி என்றால் கூடும்.

வேண்டியது யூரியா 10 முதல் 20 சதவீதம், அல்லது லாக்டிக் அமிலம் 12 சதவீதம் உள்ள கிரீம். லேபிளில் சதவீதம் போடாமல் வெறுமனே "யூரியா கலந்தது" என்றால் வாங்காதீர்கள். 10-க்குக் கீழே ஈரப்பதம்தான் கிடைக்கும், அடைப்பு கரையாது. வெதுவெதுப்பான நீரில் சீக்கிரம் குளித்து, ஒற்றித் துடைத்து, ஈரம் காயுமுன் தடவ வேண்டும். ஒரு கைக்கு, ஆள்காட்டி விரலின் நுனிக் கணு நீளத்துக்குப் பிதுக்கிய கிரீம், அதாவது அரை கிராம். தினம் ஒரு வேளை என்றால் இரண்டு கைக்கும் 30 கிராம் டியூப் ஒரு மாதம் வரும். அதற்கு மேல் வந்தால் குறைவாகத் தடவுகிறீர்கள் என்று அர்த்தம்.

பீர்க்கங்காய் நாரால் தேய்ப்பது, நகத்தால் கிள்ளுவது இரண்டும் கூடாது. நம் நிறத்துக்குக் கரும்புள்ளி விழுந்தால் போக மாதங்கள் ஆகும். வேக்சிங், ஷேவிங் செய்த அன்று அமிலக் கிரீம் வேண்டாம், எரிந்துவிடும். டாக்டர் டிரெட்டினாயின் (வைட்டமின் ஏ வகைக் களிம்பு) எழுதினால் இரவில் மட்டும். கர்ப்பம் என்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

சீழும் வலியும் இருந்தாலோ, ராத்திரியில் அரிப்பு கூடி விரலிடுக்கிலும் வந்தாலோ அது வேறு சங்கதி. குழந்தைக்கு முழங்கை, முழங்காலில் முள்முள்ளாக வந்தால் தேரைத்தோலாக இருக்கலாம். வைட்டமின் ஏ போன்ற சத்துக் குறைவை டாக்டர் பார்க்க வேண்டும்.

வித்தியாசம் தெரிய நாலு முதல் ஆறு வாரம் பிடிக்கும். வழுவழுப்பானதும் வாரம் இரண்டு மூன்று முறையாகக் குறைக்கலாம். அடியோடு நிறுத்தினால் திரும்ப வரும். அடுத்த டியூப் வாங்கும்போதும் பெயரையும் சதவீதத்தையும் சொல்லிக் கேளுங்கள். "அது ஸ்டாக் இல்ல, இதுவும் அதேதான்" என்றால் வேறு கடைக்குப் போங்கள்.