வலை அறுந்த தகராறும் எங்கள் பங்குமனையும்

நாங்கள் கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரையில் மீன்பிடிக்கிற குடும்பம். போன வருஷம் ஒரு ராத்திரி நாங்கள் விட்டிருந்த வலைமேல் இன்னொரு தெருக்காரனின் ஃபைபர் வள்ளம் ஏறிப்போய்விட்டது, 12 துண்டில் 4 துண்டு போச்சு. விடிந்ததும் கரையிலேயே என் தம்பி அவன் சட்டையைப் பிடித்துவிட்டான், ரெண்டு தெருவும் கூடிவிட்டது. 1982-ல் இந்துக்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் நடந்த மண்டைக்காடு கலவரத்தைக் கண்ணால் பார்த்தவர் அப்பா, கரையில் ஆள் கூடினாலே அவருக்குப் பயம். நேராகப் பங்குமனைக்கு, அதாவது எங்கள் கோவில் பாதிரியார் தங்கும் வீட்டுக்குப் போய்ப் பங்குத்தந்தையைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

ஃபாதர் முதலில் சொன்னது இதுதான்: "வலை விஷயம் பேசலாம். அடிதடியில யாருக்காவது காயம்னா அது போலீஸ் வேலை, அதை நான் மூடி வைக்க மாட்டேன்." அது எனக்குப் பிடித்திருந்தது. ஊர்க்கமிட்டியில் ரெண்டு பேர் வள்ளக்காரன் குடும்பத்தை ஊர் விலக்கு வைக்கணும் என்று குதித்தார்கள், அதற்கும் அவர் ஒத்துக்கொள்ளவே இல்லை.

மத்தேயு 18-ஆம் அதிகாரத்தில், சகோதரனோடு பிணக்கு வந்தால் முதலில் தனியாகப் பேசு, கேட்காவிட்டால் ஒன்றிரண்டு பேரைக் கூட்டிப் போ, அப்புறம்தான் திருச்சபையிடம் சொல் என்று வரும் இல்லையா, அதே வரிசையில்தான் நடந்தது. முதல் நாள் என்னை மட்டும் கூப்பிட்டு ஒரு மணி நேரம் கேட்டார், மறுநாள் அவனை. அப்புறம் ரெண்டு தெருவின் அன்பியத்திலிருந்தும் (பங்கில் பக்கத்து வீட்டுக் குடும்பங்கள் சேர்ந்த சிறு குழு) வயசான ஆட்கள் மூன்று பேர் வலையைப் பார்க்க வந்தார்கள். கத்தி பட்டால் கண்ணி ஒரே சீராக அறுந்திருக்கும், இதில் நூல் முறுக்கிப் பிய்ந்து, ஒரு இடத்தில் கரி மாதிரி எண்ணெய்க் கறையும் இருந்தது. என்ஜின் விசிறியில் சிக்கினதுதான், வேண்டுமென்று அறுத்ததில்லை என்றார்கள். அவன் வேணும்னே செய்தான் என்று நான் நாலு பேரிடம் சொல்லியிருந்தேன், அதற்குப் பங்கு மக்களின் பிரதிநிதிகள் கூடும் பங்குப் பேரவை முன்னால் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். எங்கள் வலையில் விளக்கு எரியவில்லை என்று அவன் சொன்னதும் உண்மைதான், பேட்டரி தீர்ந்திருந்தது.

நான் 30,000 ரூபாய் கேட்டேன். பேசிப் பேசி 18,000-க்கு வந்தது, மாதம் 3,000 வீதம் ஆறு தவணை, ஒரு நோட்டில் எழுதி ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். ஒரே ஒரு குறை சொல்லணும்: வீட்டுக் கணக்கெல்லாம் பார்க்கிற என் மனைவியை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை, அது தப்பு, அடுத்த பேரவைக் கூட்டத்தில் நானே எழுந்து சொன்னேன்.

கடல் சரியில்லாமல் ஐந்தாவது தவணை ஒரு மாதம் தள்ளிப்போனது. அவனே வீட்டுக்கு வந்து சொன்னான். சரி, கடலுக்குப் போய் வந்து தா என்றேன்.