எம்ஆர்920-ஆ, கிளாக் 19-ஆ?
ஷேடோ சிஸ்டம்ஸ் கம்பெனியின் எம்ஆர்920 கைத்துப்பாக்கி கைக்குள் கச்சிதமாக உட்காருகிறது. பிடியின் பின்புறத் துண்டை மாற்றினால் பிடியின் கோணமே மாறிவிடும். குறிபார்க்கச் சிவப்புப் புள்ளி காட்டும் ரெட் டாட் சைட்டைத் தனித்தகடு இல்லாமல் நேராக ஸ்லைடிலேயே, அதாவது துப்பாக்கியின் மேலே நகரும் பகுதியிலேயே, திருகிவிடலாம். எனக்கு ரொம்பப் பிடித்தது வேறு: கிளாக் 19-இன் 15 ரவுண்ட் மேகசினே (தோட்டாப் பெட்டி) இதற்கும் பொருந்தும். மேகசின் கிடைக்காத துப்பாக்கி எவ்வளவு நன்றாகச் சுட்டு என்ன பயன்?

ஆனால் கிளாக் 19 வந்தது 1988-இல். உதிரிபாகம், உறை, பழுதுபார்க்கத் தெரிந்த ஆள் என எதற்கும் அலைய வேண்டாம். சிக் சாவரைப் போன்ற பெரிய கம்பெனி 2018-இல் பி365-ஐ இறக்கியபோதே, ஆரம்பத் துப்பாக்கிகளில் தோட்டாவை அடித்து வெடிக்க வைக்கும் ஸ்ட்ரைக்கர் உடைவதாகப் புகார் வந்தது; அப்புறம்தான் சரிசெய்தார்கள். எந்தப் புது மாடலுக்கும் அந்த அவகாசம் வேண்டும்.

சுட்டுப் பழகும் ரேஞ்சுக்கு எம்ஆர்920, சரி. தற்காப்புக்கு என்றால் இப்போதைக்கு என் ஓட்டு கிளாக்குக்குத்தான்.