அம்மாவை வெளியே கூட்டிப்போக எட்டு மாதம்

அம்மாவை முதியோர் மையத்தில் சேர்க்கப் போன அந்தக் கவுண்ட்டர் மேல் இருந்த கோபம் இன்னும் ஆறவில்லை. ஆனால் பாதித் தப்பு என்னுடையது.

அம்மாவுக்கு வயது 74. மலேசியாவின் சிலாங்கூரில், பத்தாங் பெர்ஜுந்தையில் தனியாக இருக்கிறார். (2007இலேயே ஊர்ப் பெயரை பெஸ்தாரி ஜெயா என்று மாற்றிவிட்டார்கள். அம்மா இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.) தோட்டத்து லயத்தில் (வரிசை வீட்டில்) இருந்தவரை அஞ்சடியில், அதாவது வாசல் தாழ்வாரத்தில், உட்கார்ந்தாலே நாலு பேர் பேசிவிட்டுப் போவார்கள். தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டில் எல்லாருக்கும் இரும்புக் கேட், எல்லாக் கேட்டிலும் பூட்டு. அப்பா போய்ச் சேர்ந்தார். 2020இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. அது முடிந்த பிறகு, பக்கத்துத் தெரு அக்காவின் சங்கிலியை மோட்டாரில் வந்தவன் அறுத்துக்கொண்டு போனான். அதோடு அம்மா கோயிலுக்குப் போவதையும் நிறுத்திவிட்டார். "சங்கிலியைக் கழற்றி வெச்சிட்டு வாம்மா" என்றால் கால் வலி. காலுக்குத் தைலம் தேய்த்தால் வெயில்.

சமூகநல இலாகாவின் கீழ் இருக்கும் மூத்தோர் நடவடிக்கை மையத்தில், அதாவது பாவேயில் (PAWE), சேர்த்துவிடலாம் என்று நினைத்தேன். 60 வயது ஆனவர்களுக்கான இடம். நான் இருக்கும் கிள்ளானிலிருந்து விடுப்பு எடுத்துப் போனால், பதிவு செய்யும் இடத்தில் அம்மாவே வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். மூன்று வாரம் கெஞ்சிக் கூட்டிப்போனேன். நாற்பது நிமிடம் உட்கார வைத்துவிட்டு, "அதிகாரி மெஷுவாராட்டுக்கு (கூட்டத்துக்கு) போய்விட்டார், புதன்கிழமை வாங்க" என்றார் அந்தக் குமாஸ்தா. முதல் நாள் நான் போன் செய்து கேட்டபோது யாரும் சொல்லவில்லை.

அம்மா கழிப்பறைக் கதவுவரை போய் எட்டிப் பார்த்தார். குந்தும் கழிப்பறை, ஈரத் தரை, பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. திரும்பி வந்துவிட்டார். வீட்டுக்கு வரும் வழியில் கார் சீட் நனைந்துவிட்டது. இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

அப்புறம் இரண்டு மாதம் கேட் திறக்கவேயில்லை. கடைசியில் என் மனைவியிடம்தான் சொன்னார். என்னிடம் எப்படிச் சொல்வார்? சங்கிலி, கால், வெயில் எல்லாம் சாக்கு. ரத்த அழுத்தத்துக்குக் காலையில் போடுவது, அடிக்கடி சிறுநீர் போக வைக்கும் நீர் மாத்திரை. அதனால் வெளியே போகும் நாளில் தண்ணீரே குடிக்க மாட்டார், தலை சுற்றும், விழுந்துவிடுவோமோ என்று அடுத்த பயம்.

கிளினிக்கில் டாக்டரிடம் உடைத்துச் சொன்னோம். சிறுநீர்ப் பரிசோதனை செய்தார்கள், மாத்திரை நேரத்தை மாற்றிக் கொடுத்தார்கள். தயவுசெய்து நீங்களாக மாற்றாதீர்கள். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரும் பயிற்சியும் சொல்லிக் கொடுத்தார்கள். வீட்டிலேயே கிடந்தால் தொடை வலுவிழக்குமாம், அப்புறம் விழும் பயம் சும்மாவா போகும்.

முதல் வாரம் கேட்டுக்கு உள்ளே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, சாயங்காலம் அரை மணி நேரம். அடுத்து முனைக் கடை. இதெல்லாம் நன்றாகப் போகிறது என்று நான் அவசரப்பட்டு கிள்ளானில் ஒரு பேரங்காடிக்கு இழுத்துப் போனேன். மறுபடியும் நாற்காலியிலிருந்து ஆரம்பம். இப்போது எங்கே போவதென்றாலும் நான் முதலில் போய்க் கழிப்பறையைப் பார்த்துவிடுவேன். "பயப்படாதேம்மா" என்று நூறு தடவை சொன்னதற்கு அசையாதவர், "உட்கார்ற கழிப்பறைம்மா, தரை காய்ஞ்சிருக்கு" என்றதும் செருப்பைத் தேடினார்.

பதிவு இந்த முறை பத்து நிமிடத்தில் முடிந்தது. போகும் முன் அதிகாரி இருக்கிறாரா என்று அன்று காலையிலேயே கேளுங்கள், யாரிடம் பேசினீர்கள் என்று பெயரையும் எழுதி வையுங்கள். உங்கள் ஊரில் மையம் எங்கே என்று தெரியாவிட்டால் 15999, தாலியான் காசே என்ற உதவி எண்ணில் விசாரித்துப் பார்க்கலாம்.

முதல் நாள் மையத்தில் எல்லாம் மலாய்ப் பேச்சு, அம்மா ஓரமாகவே இருந்தார். பக்கத்தில் இருந்த மக்சிக் (மலாய் அம்மா) அவர் கையைப் பார்த்துவிட்டு, முன்பு பால்மரம் (ரப்பர்) வெட்டினீர்களா என்று கேட்டிருக்கிறார். அவரும் வெட்டியவர்தானாம். விடியலில் யார் முதலில் எழுந்தார்கள் என்பதில் இரண்டு பேருக்கும் இன்னும் வழக்குத் தீரவில்லை.

அடுத்த மாதம் கோயிலிலிருந்து பத்துமலைக்குப் பஸ் போகிறது. நேற்று அம்மாவே போன் செய்தார். "தம்பி, பஸ் வழியில எங்க நிக்கும்னு செயலாளர்கிட்ட கேட்டுச் சொல்லு. நீயே போய்ப் பார்த்துட்டு வந்தாலும் சரி."