தம்பிக்கு கோட்

ரிசப்ஷனுக்குத் தம்பிக்கு கோட் எடுக்க நேற்று தி.நகர் போயிருந்தோம். என் கல்யாணத்தின்போது கறுப்பா, கருநீலமா என்ற ஒரே கேள்விதான். இப்போது வெளிர்பச்சை, ஒயின் சிவப்பு, பழுப்பு ரோஸ் என்று மேசை நிறைய விரிக்கிறார்கள். கல்யாணப் பொண்ணின் லெஹங்கா படத்தைப் போனில் வைத்துக்கொண்டு நிறம் பொருத்துவதற்கே ஒரு மணி நேரம் போய்விட்டது.

டக்சீடோ என்கிற விருந்து சூட்டுக்குக் காலர் பட்டை சாட்டினில் பளபளக்கும், சாதா சூட்டுக்கு அது கோட் துணியிலேயே இருக்கும். இரட்டை வரிசைப் பட்டன் வைத்த பழைய மாடலும் திரும்ப வந்திருக்கிறது. தம்பிக்கோ கழுத்தை மூடிய ஜோத்பூரி மீதுதான் கண். டை கட்டும் தொல்லை இல்லையாம். அதையும் வெல்வெட்டில் கேட்டான். மே மாதக் கல்யாணம்! அம்மா தொட்டுப் பார்த்துவிட்டு, "போர்வையாடா இது?" என்றார். அதோடு வெல்வெட் உள்ளே போய்விட்டது.

எதை எடுத்தாலும் தோளைப் பாருங்கள். இடுப்பு, கை நீளமெல்லாம் டெய்லர் சரிசெய்துவிடுவார். தோள் இறங்கியிருந்தால் பிரித்துத் தைப்பது பெரிய வேலை.

கடைசியில் கருநீல சூட்டையே எடுத்தோம். கீழ்ப் பட்டனைப் போடாமல் விடுவதுதான் முறை என்று சொல்லி வாய் மூடவில்லை, சித்தப்பா வந்து பொறுப்பாகப் போட்டுவிட்டார்.