மலையில் இருந்துகொண்டே ட்ராமாவுக்குச் சிகிச்சை தேடுவது

யானை துரத்தி உயிர் பிழைத்தவர்கள், மண்சரிவில் வீடு போனவர்கள், மலைப்பாதை விபத்தில் மீண்டவர்கள், வீட்டுக்குள்ளேயே வருஷக்கணக்கில் அடி வாங்கியவர்கள் என்று நீலகிரியில் கூடலூர், பந்தலூர், கோத்தகிரிப் பக்கம் பலருக்குத் துணையாகப் போய் வந்ததில் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறோம். இப்படிப்பட்ட சம்பவம் மனதில் விட்டுப்போகும் காயத்தைத்தான் ட்ராமா என்கிறோம்.

சம்பவம் நடந்த முதல் சில வாரங்களில் தூக்கம் கெடுவதும் திடுக்கிடுவதும் பெரும்பாலோருக்குத் தானாகவே தணிந்துவிடும். ஒரு மாதம் தாண்டியும் அதே காட்சி கண்முன் வருகிறது, அந்தப் பாதையைச் சுற்றிக்கொண்டு போகிறார், தேயிலைச் செடி அசைந்தாலே கூடையைப் போட்டுவிட்டு நின்றுவிடுகிறார் என்றால் பி.டி.எஸ்.டி. (ட்ராமாவுக்குப் பின் வரும் மனநோய்) இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். தற்கொலை எண்ணம் வந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது.

முதலில் 14416-க்குப் போன் போடுங்கள். அது டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். மாவட்ட மனநலத் திட்ட மருத்துவர் உங்கள் பக்கத்து அரசு ஆஸ்பத்திரிக்கு எந்தக் கிழமை வருகிறார் என்பதை அந்த ஆஸ்பத்திரியிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். இல்லையென்றால் ஊட்டி மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போகலாம்.

ஓ.பி.க்குப் போகும்போது ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: என்ன நடந்தது (ஒரே வரி போதும்), எப்போது, அதன்பின் என்னென்ன மாறியது, எத்தனை மணி நேரம் தூக்கம், என்ன மாத்திரை, குடிப்பழக்கம் உண்டா. வரிசையில் பின்னால் நிற்பவர் காதில் விழ, நடந்ததை வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை. தாளை நீட்டினால் போதும். கூட்டத்தில் மருத்துவருக்குக் கிடைப்பது சில நிமிஷம். அதனால் பெரும்பாலும் மாத்திரைச் சீட்டோடுதான் வெளியே வருவீர்கள். செர்ட்ராலின் போன்ற மனச்சோர்வு மாத்திரைகள் வேலை செய்யச் சில வாரம் பிடிக்கும், பாதியில் நிறுத்தக் கூடாது. பதற்றத்தைத் தணிக்கத் தரும் அல்பிரசோலம், குளோனாசிபம் வகை பி.டி.எஸ்.டி.யைக் குணப்படுத்தாது, பழக்கமாகிவிடும். எழுதித் தந்திருந்தால் எத்தனை நாளைக்கு என்று கேளுங்கள். ஏற்கெனவே சாப்பிட்டு வருபவர்கள் தானாக நிறுத்தாமல் மருத்துவர் சொல்படி குறைக்க வேண்டும்.

பேச்சு சிகிச்சைக்கு ஆள் தேடுவதுதான் கடினம். ‘கவுன்சிலர்’ என்ற போர்டை நம்பிப் போகாதீர்கள். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு எண் இருக்கும், கேட்டால் தவறில்லை. அடுத்து, “ட்ராமாவுக்கு என்ன முறையில் சிகிச்சை தருகிறீர்கள், எத்தனை செஷன்?” என்று போனிலேயே கேளுங்கள். ட்ராமாவை மையமாக வைத்த சி.பி.டி. (எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் பேச்சு சிகிச்சை), ஈ.எம்.டி.ஆர். (கண்ணை இடம் வலமாக அசைத்தபடி சம்பவத்தை நினைக்க வைக்கும் முறை) இரண்டையும் உலக சுகாதார நிறுவனம் 2013-லேயே பரிந்துரைத்தது. சி.பி.டி. வகையிலேயே வேறு பெயர்களும் காதில் விழலாம்: பி.இ. (பயந்து ஒதுக்கும் நினைவையும் இடத்தையும் படிப்படியாக எதிர்கொள்ளும் முறை) என்றால் வழக்கமாக 8 முதல் 15 செஷன், ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம் வரை. இப்படித் தெளிவான பதில் வர வேண்டும். “எல்லாப் பிரச்சினைக்கும் கவுன்சிலிங் தருவோம்” என்றால் வேறு ஆளைப் பாருங்கள்.

முதல் நாளே முழுக் கதையையும் கிளறி எடுத்து, நேரம் முடிந்தது என்று அனுப்பிவைப்பவர் வேண்டாம். பதற்றம் ஏறினால் எப்படி இறக்குவது என்று முதலில் கற்றுத்தர வேண்டும். நேர்மாறாக, மாதக்கணக்கில் அந்த வாரத்துச் சண்டை சச்சரவையே பேசிக்கொண்டிருந்து, சம்பவத்தின் பக்கமே போகாவிட்டாலும் ஏன் என்று கேளுங்கள்.

தனியார் தெரபிஸ்ட் என்றால் பெரும்பாலும் கோயம்புத்தூர்தான். வாராவாரம் ஒருநாள் கூலியை விட்டுப் போவது நடக்காத காரியம். பஸ் விபத்தில் மாட்டியவருக்கோ குன்னூர் மலைப்பாதையே நடுக்கம். நேரில் ஒருமுறை பார்த்துவிட்டு மீதியை வீடியோவில் வைத்துக்கொள்ளலாமா என்று ஆரம்பத்திலேயே பேசுங்கள். எஸ்டேட் லைன் வீட்டில் பேசினால் அடுத்த வீட்டுக்குக் கேட்கும். சர்ச் அறை, நண்பர் கடையின் பின்கட்டு, நிறுத்திவைத்த ஜீப் என்று ஓர் இடம் பார்த்துக்கொள்ளுங்கள், ஹெட்போன் கட்டாயம். ஆடி மழையில் கரண்டும் டவரும் போகும். அழைப்பு கட்டானால் யார் திரும்பக் கூப்பிடுவது, செஷனுக்குப் பின் கூட இருக்கப்போவது யார் என்று முன்பே முடிவாக வேண்டும்.

படகரோ பணியரோ மலையாளம் பேசுபவரோ, தமிழ் தெரிந்தாலும் இந்த விஷயத்தைச் சொந்தப் பேச்சில்தான் சொல்ல வரும். அதற்காகக் கணவரையோ பிள்ளையையோ மொழிபெயர்க்க உட்கார வைக்காதீர்கள். அவர்கள் எதிரில் சொல்ல முடியாததுதான் பல நேரம் முக்கியமானது.

சின்ன ஊர், விஷயம் வெளியே போய்விடுமோ என்ற பயம் நியாயமானது. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி ரகசியம் காப்பது சிகிச்சை தருபவர்களின் கடமை. உங்கள் மருத்துவக் குறிப்புகளைப் பெறும் உரிமையும் உண்டு. தெரபிஸ்டை மாற்றுவதானால் அந்தக் குறிப்பை வாங்கிக்கொண்டு போங்கள், புதியவரிடம் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்காது.