பெக்கமில் கிடைத்த ஆன்ட்டி

2016 கடைசியில் லண்டன் வந்தேன். பெக்கம் பக்கத்தில் ஒரு கேர் ஹோமில் நைட் ஷிஃப்ட். வேலை பழக்கிவிட்டவர் நைஜீரியாவின் லாகோஸில் பிறந்த ஒரு மூத்த பெண்மணி. அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட வாய் வராமல் 'ஆன்ட்டி' என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. அவர்கள் ஊரிலும் மூத்தவர்களைப் பெயர் சொல்லி அழைப்பது மரியாதை இல்லையாம். இந்த ஊரில் நான் கால் ஊன்றியது அந்த ஒரு வார்த்தையில்தான்.

அடுத்த ஜனவரியில் ஒரு நாள், டீ குடிக்கும் நேரத்தில் கண் கலங்கி உட்கார்ந்திருந்தார். சொந்தத்தில் யாரோ தவறிவிட்டார்கள் என்று நினைத்தேன். நைஜீரிய எழுத்தாளர் புச்சி எமெசேட்டா இறந்துவிட்டாராம். "எங்களுக்கு முன்னால் வந்து எங்கள் கதையை எழுதி வைத்தவள்" என்றார். நானும் எழுதுவேன் என்று அன்றுதான் அவரிடம் சொன்னேன். என் நோட்டில் இருந்ததெல்லாம் கோவில்பட்டிக் கரிசலும் பாட்டியும்தான். லண்டனைப் பற்றி ஒரு வரி கிடையாது. கொஞ்சம் நிலைபெற்ற பிறகு எழுதலாம் என்றிருந்தேன்.

"அவள் நிலைபெற்ற பிறகா எழுதினாள்?" என்று கேட்டார் ஆன்ட்டி.

எமெசேட்டா 1962இல் கணவரோடு சேர்ந்து வாழ லண்டன் வந்தவர். அவர் எழுதிய முதல் நாவலின் கையெழுத்துப் பிரதியைக் கணவரே எரித்துவிட்டார். 22 வயதில் அவரைப் பிரிந்தபோது நான்கு பிள்ளைகள், வயிற்றில் ஒன்று. நூலக வேலை, பிறகு சமூகவியல் படிப்பு, வட லண்டனில் கவுன்சில் (உள்ளாட்சி) கொடுத்த வாடகை வீடு. அரசு உதவித்தொகையில் பிள்ளை வளர்க்கும் அக்கம்பக்கத்துப் பெண்களையும் தன்னையும் பற்றி எழுதி 'நியூ ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகைக்கு அனுப்பினார். அதுதான் 1972இல் அவருடைய முதல் புத்தகமானது. எரிந்துபோன நாவலையும் விடவில்லை. மறுபடி முதலிலிருந்து எழுதி 1976இல் கொண்டுவந்தார். இன்றைக்கும் இதை நினைத்தால் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

அவருடைய 1974ஆம் ஆண்டு நாவலை ஆன்ட்டி கொடுத்தார். அட்டை பிய்ந்து டேப் ஒட்டிய பிரதி. சமர்ப்பணப் பக்கத்தில் ஐந்து பிள்ளைகளின் பெயர்கள். அவர்களுடைய இனிய சத்தம் பின்னணியில் இல்லாவிட்டால் இந்தப் புத்தகமே எழுதப்பட்டிருக்காது என்று போட்டிருந்தது. நான் அதைப் படிக்கும்போது மூன்று வயது மகன் கரண்டியால் குக்கர் மூடியைத் தட்டிக்கொண்டிருந்தான். 'வீடு அடங்கட்டும்' என்று நான் தள்ளிப்போட்ட அத்தனை மாலைகளும் கண் முன்னால் வந்தன.

அப்புறம் ஒவ்வொரு ஷிஃப்டிலும் ஏதாவது சொல்வார். பிரதி எடுக்காமல் எதையும் அனுப்பாதே என்பார். நைஜீரிய எழுத்தாளர் சினுவா அச்செபே தன் முதல் நாவலின் ஒரே கையெழுத்துப் பிரதியை டைப் அடிக்க லண்டனுக்கு அனுப்பிவிட்டு, மாதக்கணக்கில் பதில் இல்லாமல் தவித்தாராம். அலுவலகத்தில் அவருக்கு மேலதிகாரியாக இருந்த பெண்மணி லண்டன் வந்தபோது நேரில் போய்க் கேட்ட பிறகுதான் வேலை நடந்தது.

எனக்கு அதிகம் உதவியது சிக்கா உனிக்வேயின் கதை. நைஜீரியாவிலிருந்து பெல்ஜியம் போய், டச்சு கற்று, அந்த மொழியிலும் எழுதியவர். ஆன்ட்வெர்ப் நகரின் சிவப்பு விளக்குத் தெருக்களுக்கு நேரில் போய், அங்கே வேலை செய்யும் நைஜீரியப் பெண்களிடம் பேசித்தான் ஒரு நாவலை எழுதினார். அதற்கு 2012இல் நைஜீரியாவின் பெரிய இலக்கியப் பரிசு கிடைத்தது. ஊர் நினைவு எங்கேயும் போகாது. நிற்கிற இடத்தை இன்றைக்கே பார்த்து எழுதாவிட்டால் முதல் வருடத்துக் கண் திரும்பக் கிடைக்காது. எழுத நினைத்து வெளிநாட்டில் இருக்கும் எல்லாரிடமும் நான் இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நான் இங்கே எழுதிய முதல் கதை கேர் ஹோமின் இரவு வராந்தா பற்றியது. விடியற்காலை மூன்று மணிக்கு ஏழாம் அறையின் அழைப்பு மணி அடிக்கும். போனால் அந்தப் பாட்டிக்கு எதுவும் வேண்டாம், கையைப் பிடித்துக்கொள்வார், அவ்வளவுதான். தமிழில் எழுதியதை டீ நேரத்தில் ஆன்ட்டிக்கு ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "சரி, இப்போது உன் மொழியில் படி" என்றார்.