ஓடு பிரிக்கும் வரை

மே 2
அம்மாவின் பீரோ காலி. மொத்தம் 34 புடவை. அரக்குச் சுங்குடி மட்டும் இல்லை.

மே 3
பருத்தியைத் தனியாகப் பிரிக்கவே ஒரு நாள் போய்விட்டது. அம்மாவுக்குத் தொட்டாலே தெரியும். எனக்கு அந்தக் கை இல்லை. ஓரத்தில் ஒரு நூலை உருவித் தீக்குச்சியில் காட்டிப் பார்த்தேன். பருத்தி காகிதம் போல எரிந்து சாம்பலாக உதிர்கிறது. பாலியெஸ்டர் உருகி நுனியில் கறுப்பு மணியாகிறது. பட்டு என்றால் முடி கருகிய நாற்றம். 19 புடவை பருத்தி.

அப்புறம் ஒரு பை நிறைய ரவிக்கைத் துண்டு, எல்லாம் வெற்றிலை பாக்கோடு வந்தவை. ஒன்றைக்கூட அவள் தைத்துப் போட்டுக்கொள்ளவில்லை. அடுத்து வருகிறவர்களுக்கு வைத்துக் கொடுக்கலாம் என்று மடித்து வைத்திருக்கிறாள்.

அண்ணி போனில், "பாத்திரக்காரர்கிட்ட மொத்தமா போட்டுட்டு ஒரு தூக்கு வாங்கிக்கோயேன்" என்றாள். முடியாது என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

மே 5
ராத்திரி பதினொரு மணிக்கு ஸ்டோர் ரூமில் பாஸ்மதி அரிசி கொதிக்கிற வாசனை. நான் அடுப்பே பற்றவைக்கவில்லை. பக்கத்து வீடுகளிலும் விளக்கில்லை.

மே 6
கிணற்று மேடையில் எச்சம், அது முழுக்க சப்போட்டா விதை. பால்காரர் குனிந்து பார்த்துவிட்டு, "மரநாய்ம்மா, மயிலாப்பூர்ல பழைய வீடு இருக்கிற வரைக்கும் இதுவும் இருக்கும்" என்றார். நேற்றைய வாசனையும் அதனுடையதுதானாம்.

மே 9
முதல் புடவையைக் கிழிக்க அரை மணி நேரம் யோசித்தேன். கத்தரியால் ஒரு வெட்டு போட்டு இரண்டு பக்கமும் இழுத்தால் நூல் பிடித்து நேர்கோடாகக் கிழிகிறது. அந்தச் சத்தம் வீடு முழுக்கக் கேட்டது. அதற்கப்புறம் கை தயங்கவில்லை.

துணி எங்கே நைந்திருக்கிறது என்று பார்த்தாலே அம்மா எப்படி உட்கார்ந்தாள், நடந்தாள் என்று தெரிகிறது. பின்பக்கம் சல்லடையாகிவிட்டது, கீழ்க்கரை தரையில் உரசிப் பிரிந்திருக்கிறது. இடுப்பில் உள்ளே செருகுகிற பகுதி மட்டும் கடையில் வாங்கிய நிறத்திலேயே இருக்கிறது. போர்வைக்கு நல்ல பகுதிகளைக் கட்டம் கட்டமாக வெட்டி, நடுவில் அப்பாவின் வேட்டியை மூன்று மடிப்பாக வைத்து ஓட்டுத்தையல் போடுகிறேன். மெஷின் வேண்டாம். அது போகிற வேகத்தில் எதையும் பார்க்க முடியாது.

நடுக்கட்டம் சுங்குடிக்கு. எங்கே போயிருக்கும்?

மே 10
வீட்டை இடிக்க 27ஆம் தேதி ஓடு பிரிக்கிறார்களாம். அண்ணா போன் செய்தான்.

மே 11
பரணில் ஒரு துணிமூட்டை இருந்தது நினைவு வந்து ஏணி போட்டு ஏறினேன். டார்ச் அடித்ததும் இரண்டு கண் மின்னின. சீறல். ஏணியிலிருந்து எப்படி இறங்கினேன் என்று தெரியவில்லை.

சுங்குடியைப் பார்த்துவிட்டேன். அதன் மேல்தான் படுத்திருக்கிறது.

மே 12
குட்டி மூன்று. இன்னும் கண் திறக்கவில்லை.

மே 13
வனத்துறைக்குப் போன் செய்தேன். தொடாதீர்கள், கூண்டு வேண்டாம், தாயே இடம் மாற்றிக்கொள்ளும் என்றார்கள். பரணில் விளக்குப் போட்டு ரேடியோ வைத்தால் சீக்கிரம் போய்விடும் என்று அடுத்த வீட்டு மாமி சொல்கிறார். எனக்கு மனம் வரவில்லை. கண் திறக்கவே 11 நாள் ஆகும், பால் மறக்க இரண்டு மாதம். ஜூலையில் இந்த இடத்தில் அஸ்திவாரம் தோண்டிக்கொண்டிருப்பார்கள். எங்கே தூக்கிக்கொண்டு போகும்? பின்தெருவில் மாமரம் இருந்த வீட்டைப் போன வருஷமே இடித்தாயிற்று. இந்தச் சுற்றில் ஓட்டுவீடு என்று எண்ணினால் எங்களுடையதையும் சேர்த்து மூன்று, அதில் ஒன்று பூட்டிக் கிடக்கிறது. அங்கே பரண் இருக்குமா? இருக்கும், அதுவும் இந்த அமைப்புதான். சந்து தாண்ட வேண்டும். சந்தில் நாய்கள். ராத்திரி ஒரு மணிக்கு இதையெல்லாம் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

மே 18
கத்திரி வெயில். ஓட்டைத் தொட முடியவில்லை. மத்தியானம் இரண்டு முறை குழாய் பிடித்து ஸ்டோர் ரூம் கூரையில் தண்ணீர் அடிக்கிறேன். கிணற்றடியில் மண்சட்டியில் தண்ணீரும் இரண்டு பப்பாளித் துண்டும். காலையில் துண்டுகள் இல்லை.

மே 19
இன்று தைக்கவில்லை.

மே 22
அண்ணா வந்தான். "ஒரு மரநாய்க்காக கான்ட்ராக்டரை நிறுத்த முடியுமா? வாடகைப் பணம் வேற கொடுத்துட்டிருக்கோம்" என்று கத்தினான். அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. நான் பதில் பேசாமல் டார்ச்சைக் கையில் கொடுத்தேன். ஏறிப் பார்த்துவிட்டு ரொம்ப நேரம் இறங்கவில்லை.

"அது உன்னைத் தூளி கட்டிப் போட்ட புடவைதானே?"

ஆமாம். நான் பிறந்த வருஷம் மதுரையில் வாங்கியது. கிள்ளிக் கிள்ளி நூல் சுற்றி, சாயத்தில் முக்கி, காய்ந்தபின் ஒவ்வொன்றாக முடிச்சு அவிழ்த்த புள்ளிகள். இப்போது அச்சடித்த புள்ளியைச் சுங்குடி என்று விற்கிறார்கள். தடவிப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். முடிச்சுப் போட்ட இடத்தில் துணி லேசாகச் சுருங்கியிருக்கும். அந்தச் சுருக்கங்களை விரலால் எண்ணிக்கொண்டே தூங்குவேன் என்று அம்மா சொல்வாள்.

வேலையை ஒன்றாம் தேதிக்குத் தள்ளிவிட்டான். ஸ்டோர் ரூம் ஓட்டைக் கடைசியாகப் பிரிக்கச் சொல்லியிருக்கிறான்.

மே 25
நடுக்கட்டம் தவிரப் போர்வை முடிந்துவிட்டது.

மே 29
குட்டி ஒன்று பரண் ஓரம் வரை வந்து என்னைப் பார்த்தது. கண் சுற்றிக் கறுப்பு. மூக்கு ஈரமாக இருந்தது.

ஜூன் 1
லாரி போய்விட்டது. என்னிடம் ஒரு பாய், போர்வை, ஊசி நூல். கூடத்து ஓட்டை இறக்கினார்கள். ஒவ்வொன்று விழும்போதும் பரணிலிருந்து சத்தமே இல்லை. அதுதான் பயமாக இருந்தது. ஸ்டோர் ரூம் நாளை காலை ஏழு மணிக்கு.

ஜூன் 2, அதிகாலை
ஒன்றரைக்கு ஒரு குட்டியைக் கவ்வி மதிலேறிப் போனாள், பூட்டின வீட்டுப் பக்கம். இரண்டேகாலுக்கு அடுத்தது.

மூன்றாவது மேலேயே இருக்கிறது. கத்துகிறது. மணி நாலு. விளக்கை அணைத்துவிட்டு கிணற்றடியில் உட்கார்ந்திருக்கிறேன், இதை போன் வெளிச்சத்தில். அதையும் அணைக்க வேண்டும்.